டபுள்: ஒரு சொல், இரு பொருள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஒரே தொடர் இரு பொருள் தருவதைச் சிலேடை என்று நம் தமிழாசிரியர்கள் கற்பித்திருக்கிறார்கள். காளமேகப் புலவரின் பாட்டில் அது சுவை. சீட்டு மேசையில் அதே சிலேடை வந்தால் என்ன நேரும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதனைக் கணிதத்தின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீட்டாட்டம் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் பிரிட்ஜ் என்பது பணம் வைக்காமலேயே உலகெங்கும் போட்டியாக ஆடப்படும் மூளைக்கான விளையாட்டு. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பிரிட்ஜ் இடம்பெற்றது. ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் தே சர்க்கார் ஆகிய இருவரும் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தனர். அப்போது பிரணாப் பர்தனுக்கு வயது 60.

முப்பத்தெட்டுச் சொற்கள்

பிரிட்ஜ் நால்வர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். 52 சீட்டுகளில் ஆளுக்கு 13. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு இறக்க, வென்றவர் அந்த நான்கையும் எடுப்பது ஒரு பிடி. ஆக, மொத்தம் 13 பிடிகள். ஆடத் தொடங்குமுன் ஏலம் நடக்கும். 'இரண்டு ஸ்பேட்' என்று ஒருவர் கேட்டால், 'ஸ்பேடைத் துருப்பாக வைத்து, ஆறுக்கு மேல் இரண்டு, அதாவது எட்டுப் பிடிகள் எடுப்போம்' என்று பொருள்.

கிளாவர், டைமன், ஹார்ட், ஸ்பேட், நோ டிரம்ப் என ஐந்து வகை. ஒன்று முதல் ஏழு வரை ஏழு நிலை. ஆக 35 ஏலங்கள். பாஸ், டபுள், ரீடபுள் என்னும் மூன்றையும் சேர்த்தால் 38 சொற்கள். ஆனால் ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கைகளின் எண்ணிக்கையோ 63,501 கோடிக்கும் அதிகம். இத்தனை கைகளையும் கூட்டாளிக்கு உணர்த்த 38 சொற்களே உள்ளன என்றால், ஒரு சொல் பல வேலை செய்துதானே ஆக வேண்டும்? டபுளுக்குப் பல பொருள்கள் வந்த காரணம் இதுவே.

டபுளின் பொருள்கள்

அகராதிப்படி டபுளுக்குப் பொருள், 'உங்களால் அது முடியாது. தண்டனையைக் கூட்டுகிறேன்' என்பதாகும். இதுவே பெனால்டி டபுள். ஆனால் எதிரணி 'ஒரு ஸ்பேட்' என்று ஏலத்தைத் தொடங்கும்போதே, அவர்களால் ஏழு பிடிகள்கூட முடியாது என்று சொல்லத்தக்க கை எவருக்கும் அரிதாகவே வரும். அந்த இடத்தில் டபுள் ஏறக்குறையப் பயனற்றுக் கிடந்தது. ஆகவே ஒப்பந்த பிரிட்ஜுக்கு முந்திய ஆக்‌ஷன் பிரிட்ஜ் காலத்திலேயே அதற்கு வேறொரு பொருள் தந்தார்கள். 'எனக்கு நல்ல கை இருக்கிறது, ஸ்பேட் குறைவு, மற்ற மூன்றில் உங்களுக்கு நீளமானதைச் சொல்லுங்கள்' என்பதே அது. இதற்கு டேக் அவுட் டபுள் என்று பெயர்.

அடுத்த மாற்றம் 1957இல் வந்தது. கூட்டாளி ஏலத்தைத் தொடங்கி, எதிரணி குறுக்கிட்ட பின் நாம் சொல்லும் டபுளும் தண்டனைக்கு அன்று, பேசாத இனங்களைக் காட்டுவதற்கே என்று அமெரிக்க ஆட்டக்காரர் ஆல்வின் ராத் வகுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதால் இதற்கு 'ஸ்புட்னிக் டபுள்' என்ற செல்லப் பெயரும் வந்தது. இன்று இதனை நெகட்டிவ் டபுள் என்கிறோம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. எதிரணி தானாகவே 12 அல்லது 13 பிடிகளுக்கான ஒப்பந்தத்தை அடைந்த பின், முதல் சீட்டு இறக்காத கூட்டாளி டபுள் சொன்னால், 'வழக்கமான சீட்டை இறக்காதீர்கள். எதிர்பாராத இனத்தை இறக்குங்கள்' என்று கொள்ள வேண்டும். தியோடர் லைட்னர் வகுத்த முறை இது.

நான் பட்ட பாடு

என் தந்தை எங்கள் ஊரில் ஒரு மன்றத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் தேநீர் கொடுக்க நானும் துணைக்குச் செல்வேன். பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டது. ஒருநாள் நான்காவது ஆள் வரவில்லை. ஓய்வுபெற்ற அஞ்சல்துறை அதிகாரி ஒருவர், "தம்பி, நீ கணக்குப் படிக்கிறவன்தானே, வந்து உட்காரு" என்றார். அன்று முதல் ஐயாவுக்கு நான் கூட்டாளி.

ஆறாவது ஞாயிறன்று ஐயா 'ஒரு டைமன்' என்று தொடங்கினார். அடுத்தவர் 'இரண்டு ஸ்பேட்' என்று குறுக்கிட்டார். என் கையில் ஸ்பேடில் 7, 4. ஹார்ட்டில் ராஜா, ஜாக்கி, 8, 5. டைமனில் ராணி, 6. கிளாவரில் ஏஸ், 9, 7, 5, 3. மன்றத்து அலமாரியிலிருந்த நூலொன்றில் நெகட்டிவ் டபுளைப் படித்திருந்த நான், 'ஹார்ட் நான்கு இருக்கிறது' என்று உணர்த்த எண்ணி டபுள் சொன்னேன். ஐயாவோ அதைப் பெனால்டி என்று கொண்டு பாஸ் சொல்லிவிட்டார். எதிரணி எட்டுப் பிடிகளையும் எடுத்துவிட்டது. டபுள் இல்லாவிட்டால் அவர்களுக்கு 110 புள்ளிகள்தாம். இப்போதோ 120, 300, 50 என்று கூடி 470. ஐயாவிடமும் நான்கு ஹார்ட் இருந்தன. நாங்கள் மூன்று ஹார்ட்டில் ஒன்பது பிடிகள் எடுத்து 140 பெற்றிருக்கலாம்.

தேநீர்த் தட்டோடு தந்தை அருகில் நின்றிருந்தார். நான் தலைகுனிந்திருந்தேன். ஐயா சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே, "உன் டபுளும் தப்பில்லை தம்பி, என் பாஸும் தப்பில்லை. நான் கத்துக்கிட்ட காலத்துல அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஆறு வாரமா ஆடுறோம், ரெண்டு பேரும் இதைப் பேசிக்காததுதான் தப்பு" என்றார்.

கணிதம் கூறுவது

இரண்டு பொருள்களில் எது மேல் என்று அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். குறுக்கிட்டவரிடம் ஆறு ஸ்பேட் உள்ளன என்று கொள்வோம். மீதி ஏழும் மற்ற மூவரின் 39 சீட்டுகளில் இருக்கும். பிற ஏலங்கள் தரும் செய்தியை ஒதுக்கிவிட்டு, என்னுடைய 13இல் எத்தனை ஸ்பேட் இருக்கும் என்று சேர்மானங்களின் வழி காணலாம். நான்கோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு. இரண்டோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் வாய்ப்பு 57 விழுக்காடு. தண்டிக்கத்தக்க கையைவிடப் பேச வழியில்லாமல் தவிக்கும் கையே மிகுதியாக வரும். அரிதாக வரும் கைக்காக ஒரு சொல்லை ஒதுக்கி வைப்பதைவிட, அடிக்கடி வரும் கைக்கு அதைத் தருவதே சிக்கனம்.

அப்படியானால் ஸ்பேடில் ராஜா, ஜாக்கி, 9, 6 என்று வலுவாக வைத்திருப்பவர் என்ன செய்வது? பாஸ் சொல்லிக் காத்திருக்க வேண்டும். ஸ்பேட் குறைவாக உள்ள கூட்டாளி, தம் முறை வரும்போது டபுள் சொல்லி ஏலத்தை மீண்டும் திறப்பார். அப்போது மறுபடியும் பாஸ் சொன்னால் அதுவே தண்டனையாகிவிடும்.

பொருள் தெரியாமல் ஐயப்படும்போது பாஸ் சொல்வதா, எடுத்துச் சொல்வதா? என் கையையே எடுத்துக்கொள்வோம். டேக் அவுட்டைத் தவறாகப் பாஸ் செய்தால் 140 வரவேண்டிய இடத்தில் 470 இழக்கிறோம்; நட்டம் 610. பெனால்டியைத் தவறாக எடுத்துச் சொல்லி ஒரு பிடியில் தோற்றால் 50 இழக்கிறோம். எதிரணியை இரண்டு பிடிகளில் வீழ்த்தி 300 பெற்றிருக்கலாம் என்றால் நட்டம் 350. 610ஐ 960ஆல் வகுத்தால் 0.635 வருகிறது. அதாவது, அது பெனால்டிதான் என்பதில் 64 விழுக்காடாவது நம்பிக்கை இருந்தாலன்றிப் பாஸ் சொல்வது நட்டமே. எண்கள் கைக்குக் கை மாறும். ஆனால் தாழ்ந்த நிலையில் தராசு பெரும்பாலும் இப்பக்கமே சாயும்.

ஐயம் வந்தால் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. என் கையில் எதிரணியின் இனம் எத்தனை? எனக்கே நான்கு இருந்தால் கூட்டாளியிடம் அது குவிந்திருக்க இயலாது. அவருடையது டேக் அவுட்டே.

2. எதிரணி ஓர் இனத்தில் பொருத்தம் கண்டுவிட்டதா? ஒருவர் சொல்லி மற்றவர் உயர்த்தியிருந்தால், நம் பக்கம் அவ்வினம் குறைவு. தாழ்ந்த நிலையில் அதுவும் டேக் அவுட்டே.

3. டபுள் செய்யப்பட்டது நோ டிரம்ப்பா? தொடக்கமாகச் சொன்ன 'ஒரு நோ டிரம்ப்'பின் மீது வரும் டபுளைப் பலரும் வலிமையைக் காட்டும் பெனால்டியாகவே ஆடுவர்.

4. ஆட்டம் நம்முடையது என்று முன்பே உறுதியாகிவிட்டதா? வெல்லும் எண்ணத்தோடு நாம் நான்கு ஹார்ட் சொன்ன பின், எதிரணி தியாகமாக நான்கு ஸ்பேட் சொன்னால், அதன் மீதான டபுள் பெனால்டி. கூட்டாளி ரீடபுள் சொன்ன பின்னரும், நாம் ஒருமுறை தண்டனைக்கு டபுள் சொன்ன பின்னரும் அப்படியே.

5. இவற்றில் எதுவும் பொருந்தவில்லையா? பேசி வைக்காத இடத்தில் எந்த நிலை வரை டேக் அவுட் என்று ஒரே ஒரு பொது விதியை முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இவை கேட்பவருக்கு. சொல்பவருக்கும் ஒரு கடமை உண்டு. கூட்டாளி தவறாகக் கொள்ளக்கூடும் என்று தோன்றினால், சற்றுச் சுமாரானதாயினும் ஐயமற்ற வேறொரு ஏலத்தைச் சொல்வதே நன்று. அன்று பிழை பெரிதும் என்னுடையதே என்பதை இப்போது உணர்கிறேன். ஐயா அறியாத மொழியில் நான் பேசினேன்.

கேட்பது உரிமை

குரலை உயர்த்தியோ தாழ்த்தியோ டபுளின் பொருளைக் கூட்டாளிக்கு உணர்த்துவது விதிகளுக்குப் புறம்பு. அதனால்தான் போட்டிகளில் வாயால் சொல்லாமல், பெட்டியிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து வைக்கிறார்கள். 1975ஆம் ஆண்டு உலகப் போட்டி முதலாகக் கூட்டாளிகளுக்கு இடையே திரையும் வைக்கப்பட்டது. கூட்டாளிகளுக்குள் மறைபொருளும் இருக்கக்கூடாது. எதிரணியினர் தம் முறையில், 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்டால், சொன்னவரின் கூட்டாளி தமக்குள் உள்ள உடன்பாட்டை விளக்கியே ஆக வேண்டும். ஆனால் நம் கூட்டாளியை நாம் ஆட்டத்தின் நடுவே கேட்க முடியாது. முன்னதாகவே கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஆறு ஞாயிறுகளிலும் கேட்க நினைத்தேன். 'இதுகூடத் தெரியாதா' என்று ஐயா எண்ணிவிடுவாரோ என்று கூசினேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதல் பருவத்தில் இங்கும் இதே கூச்சம்தான். அகமதிப்பீட்டையும் கூட்டி 40 வந்தால் தேர்ச்சி என்று நானாகவே பொருள் கொண்டேன். பல்கலைக்கழகத் தேர்வில் தனியாகவும் குறைந்த அளவு மதிப்பெண் வேண்டும் என்பதை, ஒரு தாள் அரியராக நின்ற பிறகே அறிந்தேன். பக்கத்து இருக்கை நண்பனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும்.

அத்தாளை அடுத்த பருவத்தில் எழுதித் தேறிவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் ஆட்டத்திற்கு முன் ஐயாவும் நானும் கால்மணி நேரம் பேசிக்கொள்கிறோம். எங்கள் உடன்பாடுகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் உள்ளன. முதல் பக்கத்தில் ஐயாவின் கையெழுத்தில், இரண்டு ஸ்பேட் வரை நெகட்டிவ் டபுள் என்று எழுதியிருக்கிறது. ஆட்டம் கற்க விரும்பும் நண்பர்கள் அந்த நோட்டைத் தாராளமாகக் கேட்டு வாங்கலாம்.