முதல் தொலைநோக்கி

வானை ஆராய விழைவோர் முதன்முதல் தொலைநோக்கி வாங்கப் புகுங்கால், "500 மடங்கு பெரிதாக்கும்" என்னும் விளம்பரம் கண்டு மயங்குதல் உண்டு. அம்மயக்கத்தால் அரிதிற் சேர்த்த பொருள் வீணாகும். தொலைநோக்கியின் ஆற்றல், ஒளியைத் திரட்டும் முகப்பு வில்லை அல்லது ஆடியின் விட்டத்தைப் பொறுத்தது. இருளில் மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அளவு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லை அதனினும் பத்து மடங்கு அகன்றதாதலின், 100 மடங்கு ஒளியைத் திரட்டும். அதனாலேயே கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்களும் அதன்வழிப் புலனாகின்றன.

உருப்பெருக்கத்திற்கும் ஓர் எல்லை உண்டு. மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தை இரண்டாற் பெருக்கின் வருவதே அவ்வெல்லை. 70 மில்லிமீட்டர் கருவிக்கு அது 140 மடங்காகும். அதனைக் கடப்பின் உருவம் பெருகும். ஒளியும் தெளிவும் குன்றும். 1610-ஆம் ஆண்டில் கலிலியோ வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்கும் கருவியாலேயே என்பது நினைவுகூரத்தக்கது.

கருவியைத் தாங்கும் முக்காலி உறுதியாக இருத்தல் வேண்டும். அது சிறிது அசையினும் காட்சி பெரிதும் நடுங்கும். தொலைநோக்கி வழியே கதிரவனை நேரே நோக்குதல் ஒருபோதும் கூடாது. நொடிப்பொழுதில் கண்ணொளி கெடும். விட்டம் அறிந்து, முக்காலியின் உறுதி தேர்ந்து வாங்குவோர்க்குச் சிறு கருவியும் பெருவானைக் காட்டும்.