பழைய வண்டியின் ஒயில் சீல்: வீட்டில் மாற்றக்கூடியதும் கூடாததும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வான் பிடித்துப் போய் வந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு. யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும்தான் தரைப்பாதை. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகில்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களை இன்னமும் இடையிடையே காணலாம். நெடுந்தீவில் ஒருவருடைய வண்டிக்கு ஒயில் சீல் வேண்டுமென்றால் படகேறி, பஸ் ஏறி, யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகவேணும். அளவு பிழைத்தால் மறுபடியும் அதே பயணம். நமக்கும் நிலைமை இதுதான். டவுனுக்கு ஒருக்கா போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். அதனால்தான் தீவகத்து ஆட்கள் சாமான் வாங்குவதற்கு முன்னால் வண்டியை நன்றாகப் பார்ப்பார்கள். நாமும் இந்தப் பாடத்தை அங்கேயிருந்தே தொடங்குவோம்.

ஒயில் சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம். உள்விளிம்பில் மெல்லிய உதடு ஒன்று இருக்கும். அந்த உதட்டுக்குப் பின்னால் ஒரு சின்னச் சுருள் கம்பி இருந்து, உதட்டைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும். எஞ்சின் சூட்டில் ரப்பர் வருஷக் கணக்கில் வெந்து கடினமாகும், வளைந்து கொடுக்காது, ஒயில் கசியும். ஓடாமல் கிடக்கும் வண்டிக்கும் இதே கதிதான். 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வண்டிகளில் சில, மீண்டும் ஓடத் தொடங்கியதும் ஒழுகியதற்கு உதடு காய்ந்து போனதும் ஒரு காரணம்.

ஆனால் ஒழுகுதென்றால் உடனே சீல்தான் என்று நினைக்கக்கூடாது. 1990இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபின், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கெட்டித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் முழுக்க ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகி, நல்ல சீலைக்கூடத் தாண்டி வழியும், பெயரிங்குகளும் தேயும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், மணத்தில் எரிபொருள் வாடை அடித்தால், முதலில் ஒயிலை மாற்ற வேணும். அதற்குப் பிறகும் ஒழுகினால்தான் சீலைப் பற்றிப் பேச வேணும்.

அடுத்தது பிரீதர். எஞ்சினுக்குள் சேரும் புகைக்காற்று வெளியேறும் குழாய் இது. இது அழுக்கால் அடைபட்டால் காற்றழுத்தம் கூடி, ஒயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். அப்படியே புதுச் சீல் போட்டால் அதுவும் ஒழுகும். குழாயைக் கழற்றிக் கழுவுவதற்குக் காசு செலவில்லை. இதை மறந்துவிட்டு சீலுக்குமேல் சீலாக வாங்குவோரைப் பார்த்தால் நமக்கு மனசு கேட்பதில்லை.

பிறகு, எந்த இடத்தில் கசிகிறது? எஞ்சினைத் துடைத்துச் சுத்தமாக்கி, இரவில் கீழே மட்டையொன்றை விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். ஆனாலும் ஒயில் மேலிருந்து வழிந்து வேறிடத்தில் சொட்டும். ரொக்கர் கவர் கஸ்கெட்டில் கசிந்தது கிளச் பக்கம் வந்து விழுவதுண்டு. ஆகவே கீழே பார்த்தபின் மேலேயும் பாருங்கள்.

1952 முதல் மொரிஸ் மைனரில் வந்த ஏ-சீரீஸ் எஞ்சினில் இன்னொரு விசேஷம். அதன் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது! கிறாங்க் தண்டில் மரை போல் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அது ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளும். எஞ்சின் நின்றிருக்கும்போது அது வேலை செய்யாது. எனவே மேட்டைப் பார்த்து நிறுத்திய வண்டியில் கொஞ்சம் கசிந்தால் பயப்பட வேண்டாம். கிளச் பிடிக்காமல் வழுக்குகிற அளவுக்குக் கசிந்தால் அது கராஜ் வேலை. கியர் பொக்ஸ் இறக்க வேண்டிய எந்த வேலையையும் லயத்து முற்றத்தில் செய்யாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது முன்பக்கச் சீல். எஞ்சின் ஆறியபின் பற்றரி வயரைக் கழற்றி, தண்ணீரை இறக்கி, ரேடியேட்டரை எடுத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். கிறாங்க் புல்லியின் நட்டைப் பூட்டியிருக்கும் வாசரின் மடிப்பை நிமிர்த்தி, வண்டியைக் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, நட்டைத் தளர்த்த வேணும். புல்லியை இரண்டு பக்கமும் சமமாக நெம்பி எடுத்தால் ரைமிங் கவர் தெரியும். கவருக்குள்ளே தண்டில் இருக்கும் ஒயில் த்ரோவர் தட்டு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். அது திரும்பி ஏறினால் வேலை முழுக்க வீண். பழைய கவர்களில் ரப்பருக்குப் பதில் ஃபெல்ட் துணிச் சீல் இருக்கும். அதில் ரப்பர் சீல் போட விரும்பினால் கவரையும் த்ரோவரையும் சேர்த்தே மாற்ற வேணும்.

பழைய சீலைத் தட்டி எடுத்து, அதையே கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று எண்கள் இருக்கும். அழிந்திருந்தால் புல்லியின் கழுத்தையும் கவரின் துளையையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய இங்கிலீஷ் வண்டிகளின் அளவு அங்குலத்தில் என்பதால், கிட்டத்தட்ட வரும் மில்லிமீற்றர் சீலை வாங்கி ஏமாறாதீர்கள்.

புல்லியின் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உதடு உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்து நகம் தட்டினால், புதுச் சீலும் அங்கே பிடிக்காது. சீலைத் துளைக்குள் கொஞ்சம் முன்பின்னாக இருத்தினால் உதடு பள்ளமில்லாத இடத்தில் படும். பள்ளம் ஆழமென்றால் புல்லியையே மாற்றுவது நல்லது.

புதுச் சீலின் சுருள் கம்பிப் பக்கம் எஞ்சினைப் பார்த்திருக்க வேணும். உதட்டில் ஒயில் தடவி, மேலே பலகைத் துண்டு வைத்து, சுற்றிவரச் சமமாகத் தட்டுங்கள். சுத்தியல் சீலில் நேரே படக்கூடாது. புது கஸ்கெட்டோடு கவரை ஏற்றும்போது போல்ட்டுகளை இறுக்காமல் விடுங்கள். புல்லிக்கு ஒயில் பூசிச் சீலுக்குள் மெதுவாக ஏற்றினால், கவர் தானாக நடுவுக்கு வரும். அதன்பிறகுதான் போல்ட்டுகளை இறுக்க வேணும். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் புதுச் சீல் ஒரு மாதத்தில் ஒழுகுகிறது.

டூ-ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டி வைத்திருப்போருக்கு ஒரு சொல். அதில் கிறாங்க் சீல் போனால் கீழே சொட்டாது. கியர் பக்கச் சீல் போனால் கியர் ஒயிலை எஞ்சின் உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். மற்றப் பக்கம் போனால் காற்றை இழுத்து, எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சினைப் பிரிக்கும் வேலை அது. நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஒயில் இறக்கும்போது ஒரு தட்டத்தில் பிடித்து, மூடியுள்ள கலனில் ஊற்றி கராஜில் கொடுங்கள். தீவகத்தில் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே கொட்டியது கிணற்றுக்கு இறங்கிவிடும். நம் கானில் கொட்டினால் கீழ் லயத்துக்காரர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். வண்டிக்குக் கீழே போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்துக்குக் கல்லும், வண்டிக்குக் கீழே பலமான முட்டும் வையுங்கள். நம் முற்றங்கள் சரிவானவை.

எல்லாம் பூட்டியபின் தண்ணீரும் ஒயிலும் ஊற்றி, பத்து நிமிஷம் ஓட விட்டுப் பாருங்கள். அன்றிரவு மறுபடியும் மட்டையை விரியுங்கள். முதல் வாரம் முழுக்கக் காலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.