பெஞ்சிலிருந்து கூச்சல் வந்தால் அம்பயர் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வசந்தகாலம் வந்தால் லிட்டில் லீக் பேஸ்பால் ஆடப் போகிறார்கள். மைதானத்தில் கொண்டுபோய் விடும் அப்பா அம்மாவிடம் ஒருநாள் லீக்காரர்கள் முகக்கவசத்தை நீட்டி, "அம்பயரா நிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய இந்த அமைப்பு இன்றும் தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆகஸ்டில் நடக்கும் அதன் உலகத் தொடரில் நிற்கும் அம்பயர்கள்கூடத் தன்னார்வலர்களே. ஸ்டிரைக்கா, பாலா என்று பார்ப்பது சில ஆட்டங்களில் கைவந்துவிடும். எதிரணிப் பிள்ளையின் கவனத்தைக் கலைக்கும் சேட்டைகளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அப்படி ஒப்புக்கொண்டவர்களுக்காக இது.

ஆட்டத்துக்கு முன்

இரு அணி மேனேஜர்களையும் ஹோம் பிளேட் அருகே கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். மைதான எல்லைகளைச் சொல்லி முடித்ததும் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: "உங்கள் பிள்ளைகளை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் உற்சாகப்படுத்தலாம். எதிரணியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்." அவ்வளவு போதும். பிரசங்கம் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படியே பிட்சரை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கக் கூடாது. கையிலும் மணிக்கட்டிலும் பேட்டரின் கண்ணை இழுக்கும் எதுவும் இருக்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் கழற்றச் சொன்னால் அது சாதாரண விஷயம். மூன்றாவது இன்னிங்ஸில் சொன்னால் பெரிய தகராறு.

எது ஆரவாரம், எது தொல்லை

லிட்டில் லீக் விதிப்புத்தகத்தின் 4.06ஆம் விதியை மட்டுமாவது பலமுறை படித்துவிட்டுப் போங்கள். பார்வையாளர்களைத் தூண்டிவிடுவது, எதிரணியினரையோ அம்பயரையோ குறித்து எந்த வகையிலும் பேசுவது, பிட்சரைத் தவறான வீச்சுக்குத் தள்ள ஏதாவது செய்வது, பேட்டரின் பார்வைக் கோட்டில் வேண்டுமென்றே நின்று கவனம் கலைப்பது ஆகிய நான்கையும் அது தடுக்கிறது. மேனேஜர், கோச், ஆட்டக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

சத்தம் மட்டுமே குற்றமில்லை. பெஞ்சில் பிள்ளைகள் கைதட்டிப் பாடுவார்கள், பாடட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு: சத்தம் எப்போது வருகிறது, யாரைக் குறிவைக்கிறது. பிட்சர் கையைத் தூக்கும்வரை அமைதியாக இருந்துவிட்டு, பந்து விரலை விட்டு விலகும் நொடியில் மட்டும் "ஹேய்!" என்று கத்தினால் அது உற்சாகம் இல்லை. ஒரு முறை என்றால் தற்செயலாக இருக்கலாம். அடுத்தடுத்த வீச்சுகளிலும் அதே நொடியில் வந்தால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். 12 வயதுக்காரர்கள் ஆடும் மேஜர் பிரிவில் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 46 அடிதான். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடியில் வந்து சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் கண்ணைத் திருப்பும் பிள்ளைக்கு ஸ்டிரைக் விழுவதோடு போகாது, உடம்பில் அடியும் விழலாம். நாகரிகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய காரணம்.

பார்வைக் கோட்டுச் சேட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1950இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர் எடி ஸ்டான்கி, பிட்சருக்குப் பின்னால் பேட்டர் பார்க்கும்படி நின்று கைகளை ஆட்டிக் காட்டினார். நேஷனல் லீக் தலைவர் ஃபோர்ட் ஃப்ரிக் அதற்குத் தடை போட்டார். இன்று பெரியவர்களின் விதிப்புத்தகத்தில் இதற்குத் தண்டனை, நேராக வெளியேற்றம். லிட்டில் லீக்கில் முதலில் எச்சரிக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

எதிரணிக்காரர் "டைம்!" என்று கத்திப் பிட்சரைப் பாதியில் நிறுத்த வைத்தால், அதனால் நேர்ந்த தவறான வீச்சு செல்லாது. அதை ரத்து செய்துவிட்டு, கத்தியவர் பக்கம் திரும்புங்கள்.

ஓட்டக்காரரின் குரல்

2007 மே மாதம் டொராண்டோவில் நடந்த ஆட்டம் இது. உயரே எழும்பிய பந்தைப் பிடிக்கக் காத்திருந்த மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ஹோவி கிளார்க்கின் பின்னால் ஓடிய யாங்கீஸ் வீரர் அலெக்ஸ் ரோட்ரிக்ஸ் ஏதோ கத்தினார். தன் அணிக்காரர்தான் பந்தைக் கேட்கிறார் என்று நினைத்து கிளார்க் விலக, பந்து தரையில் விழுந்தது. அம்பயர்கள் குறுக்கீடு என்று அறிவிக்கவில்லை. அது நல்ல தீர்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பந்தைப் பிடிக்க முயல்பவரைக் குழப்புவதும் குறுக்கீடு என்று விதியின் விளக்கத்திலேயே இருக்கிறது. சிறுவர் ஆட்டத்தில் இது நடந்தால் தயங்காதீர்கள். பந்து செத்தது என்று அறிவித்து, கத்திய ஓட்டக்காரரை அவுட் கொடுத்து, மற்றவர்களைப் பழைய பேஸுக்கு அனுப்புங்கள்.

ஓட்டக்காரரை எதிரணி ஏமாற்றுவதும் உண்டு. பந்தே கையில் இல்லாமல் தொடுவதுபோல் நடிக்கும் பொய்த் தொடுகையை அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகள் தடையாகவே எடுத்துக்கொள்கின்றன. ஓடி வரும் பிள்ளை கடைசி நேரத்தில் பதறிச் சறுக்கினால் கணுக்கால் போய்விடும்.

தந்திரத்தைத் தண்டிக்காதீர்கள்

புதிய அம்பயர்கள் எதிர்ப்பக்கமும் சாய்வதுண்டு. எல்லா ஏமாற்றையும் குற்றமாகப் பார்ப்பார்கள். 1982இல் கல்லூரி உலகத் தொடரில் மயாமி பல்கலைக்கழக அணி விச்சிட்டா ஸ்டேட்டுக்கு எதிராக ஒரு நாடகம் ஆடியது. பிட்சர் முதல் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை காட்டினார். பந்து கைதவறிப் போனதுபோல் ஆட்டக்காரர்கள் தரையில் விழுந்து தேடினார்கள். நம்பி இரண்டாம் பேஸுக்கு ஓடிய ஃபில் ஸ்டீஃபன்சன் அவுட். பந்து பிட்சர் கையிலேயே இருந்தது. இன்றும் மெச்சிப் பேசப்படும் தந்திரம் அது. ஓட்டக்காரர் பந்தைத் தன் கண்ணால் தேடியிருந்தால் தப்பியிருப்பார். பந்து எங்கே என்று மறைப்பது ஆட்டம். பந்தைப் பார்க்கவே விடாமல் செய்வது ஆட்டம் இல்லை. சந்தேகம் வரும்போது இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள்.

எச்சரிப்பது எப்படி

கிரிக்கெட்டில் பொய் ஃபீல்டிங்குக்கு 2017 முதல் 5 ரன் தண்டம் உண்டு. பேஸ்பாலில் ரன் தண்டம் கிடையாது. உங்களிடம் இருப்பது வார்த்தையும் வெளியேற்றமும்தான். ஆகவே வார்த்தையைச் சரியாகச் செலவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நடுவில் அறுக்காமல், வீச்சு முடிந்ததும் "டைம்" சொல்லுங்கள். முகக்கவசத்தைக் கழற்றுங்கள். பெஞ்சை நோக்கி விரலை நீட்டாதீர்கள். மேனேஜரைத் தனியே கூப்பிட்டு, மற்றவர் காதில் விழாத குரலில் பேசுங்கள்: "வீச்சு நேரத்தில் பெஞ்சிலிருந்து சத்தம் வருது. இது எச்சரிக்கை. அடுத்த முறை ஆள் வெளியே போகணும்." பிள்ளையின் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னும் கண்டிக்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தானாக இதைக் கண்டுபிடிப்பது அபூர்வம். பெரும்பாலும் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்ததாகவே இருக்கும். எச்சரிக்கை அவருக்குத்தான் போக வேண்டும். பிறகு எந்த இன்னிங்ஸ், எந்த எண், என்ன சொன்னார்கள் என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி நடந்தால் சொன்னதைச் செய்யுங்கள். இரண்டாவது எச்சரிக்கை, கடைசி எச்சரிக்கை என்று நீட்டினால் உங்கள் பேச்சுக்கு அன்றைக்கு மதிப்பு இருக்காது. வெளியேற்றப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது, அணியின் அடுத்த ஆட்டத்திலும் இடம் கிடையாது. போவது சிறுவன் என்றால், பொறுப்பான பெரியவர் ஒருவர் கூடப் போவதைப் பார்த்த பிறகே ஆட்டத்தைத் தொடருங்கள்.

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரோடு ஒருபோதும் நேரடியாக மல்லுக்கு நிற்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த அணி மேனேஜரையோ அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் லீக் நிர்வாகியையோ பேசச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பக்கத்தில் இருப்பவர்களே அவரை அடக்குவார்கள்.

யாரையாவது வெளியேற்றியிருந்தால் அன்றிரவே லீக் தலைவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். காதில் விழுந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். அந்த மனிதரைப் பற்றிய உங்கள் அபிப்பிராயம் அதில் வேண்டாம்.