வெற்றிக்குப் பின்னால் யார்? – வாழ்க்கை வரலாற்றை வாசிக்க ஒரு வகுப்பறைச் செயல்பாடு

"கடுமையா உழைச்சா ஜெயிக்கலாம்னா, எங்கப்பா ஏன் டீச்சர் இன்னும் ஜெயிக்கல?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. சேரப்பணஞ்சேரிப் பகுதியில் விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். என் மாணவர்கள் பலரின் பெற்றோர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். அன்று சாதனையாளர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். 'ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், கடுமையாக உழைத்தார், வெற்றி பெற்றார்' என்றே எல்லாரும் எழுதியிருந்தார்கள். நான் கற்றுக்கொடுத்ததும் அதுதான். அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினேன். எடுத்துக்கொண்ட ஆளுமை, ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை.

முதல் பாடவேளை: கதை

தன்ராஜ் 1968 ஜூலை 16 அன்று புனே அருகே கட்கியில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அங்குள்ள ஆயுதத் தொழிற்சாலையின் மைதானப் பராமரிப்பாளர். தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானத்தில், உடைந்த மட்டைகளையும் பிறர் தூக்கிப்போட்ட பந்துகளையும் கொண்டு அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். வறுமையிலும் ஐந்து மகன்களையும் விளையாட விட்டவர் அம்மா.

1980களின் நடுவில், மும்பையில் ஒரு நிறுவன அணிக்கு ஆடிக்கொண்டிருந்த அண்ணன் ரமேஷிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு மஹிந்திரா நிறுவன அணியில் இடம் கிடைத்தது. அங்கே ஜோகிம் கார்வாலோ பயிற்சி தந்தார். 1989இல் இந்திய அணிக்குள் நுழைந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடினார். 1998இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா வென்ற ஆசியத் தங்கம், 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது.

"விளையாடுனா சம்பளம் உண்டா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹௌட்டன் என்றொரு தாமிரச் சுரங்க ஊர். பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கியில், முழுக்க முழுக்கச் சம்பளம் பெறும் வீரர்களைக் கொண்ட முதல் லீக் 1904இல் அந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. ஆனால் தன்ராஜ் வளர்ந்த காலத்தில் இந்தியாவில் ஹாக்கிக்கு அப்படியொரு லீக் இல்லை. நிறுவன வேலைதான் வீரர்களுக்குச் சோறு போட்டது. தன்ராஜ் லண்டன், பிரான்ஸ், ஜெர்மனி, மலேசியா என்று வெளிநாட்டு கிளப்புகளுக்கும் போய் ஆடினார். இங்கே பிரீமியர் ஹாக்கி லீக் வந்தபோது ஆண்டு 2005. அவருக்கு வயது 36.

பாங்காக் வெற்றிக்குப் பிறகு அவரும் மூத்த வீரர்கள் சிலரும் அணியில் சேர்க்கப்படவில்லை. ஓய்வு என்று காரணம் சொன்னார்கள். வசதியும் படியும் போதவில்லை என்று வாய்திறந்து பேசியதற்கான தண்டனை என்றே தன்ராஜ் நினைத்தார். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. படி, பிடித்தம், ஓவர்டைம் எல்லாம் எங்கள் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கும் சொற்கள்.

இரண்டாம் பாடவேளை: குழுச் செயல்பாடு

ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மூன்று கேள்விகள் தந்தேன்.

1. அவரிடம் இருந்த திறமைகள் எவை?
2. அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் எவை? ஒவ்வொன்றையும் தந்தவர் யார்?
3. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதல் கேள்விக்கு வேகம், விடாமுயற்சி என்று இரண்டு வரி. இரண்டாவதற்குப் பக்கம் நிறைந்தது. மைதானம், அம்மா, மும்பையில் தங்க ஓர் அண்ணன் வீடு, பயிற்சியாளர், வேலை. கேள்வி கேட்ட மாணவனே எழுந்து, "அப்போ உழைப்பு மட்டும் போதாது டீச்சர், மைதானமும் வேணும்" என்றான். அவன் அப்பா தோற்றவர் அல்லர், அவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்ததை முகத்தில் பார்த்தேன்.

மூன்றாவது கேள்வியில் ஒரு குழு, "ரமேஷ் அண்ணன் இல்லன்னா தன்ராஜ் இல்ல" என்று எழுதியிருந்தது. அதுவரை பேசாமல் இருந்த ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்ல அந்த அண்ணன் நான்தான் டீச்சர். பிளஸ் டூ முடிச்சதும் நான் கம்பெனிக்குப் போறேன், தம்பி படிப்பான்."

அவளை அன்று பாராட்டவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை. ரமேஷும் ஆடினார், தம்பிக்கும் வழிகாட்டினார் என்பதை மட்டும் நினைவூட்டினேன். அந்த வாரமே அவள் அம்மாவைச் சந்தித்தேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்விக்குச் சென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று விளக்கினேன். "அவ சம்பாதிச்சாதான் வீடு நிமிரும் டீச்சர்" என்றார் அம்மா. இன்னும் முடிவாகவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு

எந்தப் பாடத்தில் வரும் எந்த ஆளுமைக்கும் இந்த மூன்று கேள்விகள் பொருந்தும். தொடக்க வகுப்புகளில் 'இவருக்கு உதவியவர்களை வரைக' என்று எளிமையாக்கலாம். செயல்பாட்டின் முடிவில், 'உனக்கு இன்று எந்த வாய்ப்பு தேவை?' என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். என் வகுப்பில் வந்த தாள்களில், மாலையில் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு, இப்போது ஒரு வகுப்பறை மாலை ஆறு மணிவரை திறந்திருக்கிறது. அந்த மாணவியும் அங்கே வந்து படிக்கிறாள்.