பாவம் செய்தவர் தீனை விட்டுப் போய்விட்டாரா?



சில மாதங்களுக்கு முன் கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த ஒரு தாய், பேச்சினிடையே அழுதுவிட்டார். மூத்த மகன் குடிப்பழக்கத்தில் விழுந்துவிட்டான். "குடிக்கிறவன் முஸ்லிமே இல்லை" என்று யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட, அன்றிலிருந்து ஜும்ஆவுக்கும் போவதில்லை. "நான்தான் காஃபிராகிவிட்டேனே, இனித் தொழுது என்ன?" என்கிறானாம்.

இது பழைய கேள்வி. ஹிஜ்ரி 37இல் ஸிஃப்பீன் போரையொட்டிப் பிரிந்துபோன கவாரிஜ்கள், பெரும்பாவம் செய்தவரைக் காஃபிர் என்றனர். அந்தப் போக்கின் முடிவு என்ன? ஹிஜ்ரி 40இல் அலீ (ரலி) அவர்களையே அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் வெட்டிக் கொன்றான். இதற்கு நேர்மாறாக முர்ஜிஆக்களில் சிலர், ஈமான் இருந்தால் பாவம் எந்தக் கேடும் செய்யாது என்றனர். பஸராவில் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சபையிலிருந்து விலகியதாகச் சொல்லப்படும் வாஸில் பின் அதாவின் வழிவந்த முஃதஸிலாக்கள், அவர் முஃமினும் அல்ல, காஃபிரும் அல்ல. தவ்பா இன்றி இறந்தால் நிரந்தர நரகம் என்றனர்.

அஹ்லுஸ் ஸுன்னத் வல்ஜமாஅத்தின் நிலை இவற்றுக்கு நடுவே நிற்கிறது. ஹராமை ஹலால் என்று சொல்லாதவரை, பாவம் செய்தவர் முஃமின்தான். ஆனால் பாவியான முஃமின். தவ்பா செய்யாமல் இறந்தால் அல்லாஹ் நாடினால் மன்னிப்பான், நாடினால் தண்டிப்பான். ஈமானோடு போனவர் நரகில் நிரந்தரமாக இருக்கமாட்டார். அந்நிஸா அத்தியாயத்தின் 48ஆம் வசனம் இதற்கு ஆதாரம். அஷ்அரீ, மாதுரீதீ இமாம்கள் இருவரும் இதில் ஒன்றுபட்டவர்கள். அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் அகாயிதுன் நஸஃபீ நூலும் இதையே சொல்கிறது. சோம்பலால் தொழுகையை விட்டவர் விஷயத்தில் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடமிருந்து கடுமையான கருத்து வந்துள்ளது. ஆனால் நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில், கடமையை மறுக்காதவரை அவர் காஃபிர் அல்ல.

குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒரு மனிதரை ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்றார்கள். இது புகாரியில் உள்ளது. தண்டனையை நீக்கவுமில்லை, மனிதரைத் தள்ளவுமில்லை.

மக்தப் மதரஸாவில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சிறு பிள்ளைகளிடம் இந்தப் பிரிவுகளின் பெயர்கள் வேண்டாம். நரகத்தைப் பற்றிச் சொல்லும் அதே நாளில் தவ்பாவையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்யமாட்டேன் என்று உறுதி கொள்வது, அடுத்தவர் உரிமையாக இருந்தால் திருப்பிக் கொடுப்பது. பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றையும் விளக்க வேண்டும். இல்லையென்றால், கைப்பேசியில் எவரோ கொடுக்கும் ஃபத்வாவை அவர்கள் தீன் என்று நம்பிவிடுவார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கோபத்திலும் பிள்ளையைக் "காஃபிர்" என்று சொல்லிவிடாதீர்கள். "நீ செய்வது ஹராம்" என்று சொல்லுங்கள், அது போதும்.

அந்தப் பையனை நம் ஜமாஅத் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசினார். பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கிறது. ஆனால் ஜும்ஆவுக்கு வந்து கடைசி ஸஃப்பில் நிற்கிறான். அவனைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

அல்லாஹ் நம் பாவங்களை மன்னித்து, நம் பிள்ளைகளை ஈமானில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.