டிங்கியை எங்கே கட்டுவது?

ஜங்லிகாட் மீன்பிடி ஜெட்டியில் விடியற்காலையில் நின்றால் தமிழும் தெலுங்கும் வங்காளமும் ஒரே பேரத்துக்குள் கலந்து கேட்கும். பழைய டயர்களைப் பக்கவாட்டில் தொங்கவிட்ட விசைப்படகுகள் நேராக ஜெட்டியில் வந்து அணைகின்றன. தாய்லாந்திலிருந்து அந்தமானுக்கு வரும் சிறு பாய்மரப் படகுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து அரசு ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம்) உல்லாசப் படகுகளுக்கென்று மரினா கிடையாது. தள்ளி நங்கூரம் போட வேண்டும். குடியேற்றச் சோதனை, சுங்கம், காய்கறி, டீசல், குடிநீர் என்று எதற்குக் கரைக்கு வருவதானாலும் டிங்கி என்ற சிறு துணைப்படகுதான்.

நீரில் இருக்கும்வரை டிங்கியால் தொல்லை அதிகமில்லை. நங்கூரத்தைத் தூக்கிய பிறகு, முப்பதடிப் படகில் அந்த எட்டடிப் பொருளை எங்கே வைப்பது என்பதுதான் வழக்கு.

சோம்பேறிக்கு உகந்த வழி, பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது. துறைமுகத்துக்குள் அது போதும். திறந்த கடலில் பின்னாலிருந்து அலை வந்தால் டிங்கி அதில் சறுக்கி வந்து தாய்ப்படகின் முதுகிலேயே மோதும். அலை இன்னும் பெருத்தால் கவிழும். நீர் நிரம்பிக் கவிழ்ந்த டிங்கியை இழுக்கும்போது கயிறோ, கயிறு கட்டிய வளையமோ பிய்த்துக்கொள்ளும். நங்கூரம் போடப் பின்னுக்கு எஞ்சினை ஓட்டும்போது தொய்ந்த கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வதும் வழக்கமான கதை. இழுத்தே ஆக வேண்டுமென்றால் அவுட்போர்டு எஞ்சினைக் கழற்றிவிட்டு, மிதக்கும் கயிறாக இரண்டு கட்டுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

அடுத்தது டேவிட். படகின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளில் டிங்கியைத் தூக்கி மாட்டுவது. பார்க்க அழகு, ஏற்றி இறக்க ஐந்து நிமிடம். நாற்பதடிக்கு மேற்பட்ட படகுகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். சின்னப் படகில் கணக்கு உதைக்கிறது. அடி கெட்டியான சிறு டிங்கி 40 கிலோ, எட்டுக் குதிரைச் சக்தி எஞ்சின் இன்னொரு 27 கிலோ, பெட்ரோல் டேங்க் தனி. இவ்வளவும் படகின் கடைசி விளிம்பையும் தாண்டி அந்தரத்தில் தொங்கும்போது பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

மழையைச் சேர்க்கவில்லை. போர்ட் பிளேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. மூன்று சதுர மீட்டர் பரப்புள்ள டிங்கியில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. ஒரே இரவில் அந்தக் கைகள் தாங்கும் சுமை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் டேவிட்டில் தொங்கும் டிங்கியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி வைக்கிறார்கள். எஞ்சினைத் தனியே பின் கம்பியில் மாட்டுகிறார்கள். டிங்கி ஆடாதபடி குறுக்கே எக்ஸ் வடிவில் இறுக்கிக் கட்டுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பின்னாலிருந்து ஒரு முரட்டு அலை ஏறினால் டிங்கியோடு கைகளும் வளையும். காற்றாடி வைத்துத் தானே திசைபிடிக்கும் சுக்கான் கருவி உள்ள படகில் இதற்கு இடமே இல்லை. இரண்டும் கேட்பது அதே பின்புறத்தைத்தான்.

தாய்லாந்தின் ஃபூக்கெட்டிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 400 கடல் மைல். சிறு படகுக்கு மூன்று நான்கு நாள் ஓட்டம். என்னைக் கேட்டால், முப்பதடிப் படகுக்காரருக்கு இந்த ஓட்டத்துக்கு முன்தளம்தான் சரி. டிங்கியைக் கவிழ்த்துப் போட்டு, தளத்தில் பதித்த வளையங்களோடு நாலு மூலையும் கட்டிவிடலாம். மழை தேங்காது, அலை அள்ளாது. ஏற்றுவதற்கு ஆள்பலமும் வேண்டாம். டிங்கியின் மூன்று இடங்களில் கட்டிய கயிறுகளை ஒரு வளையத்தில் சேர்த்து, உபரியாக இருக்கும் பாய் ஏற்றும் கயிற்றை அதில் மாட்டி, பாய்மரத்திலுள்ள கயிறு சுற்றும் வின்சைச் சுழற்றினால் ஒருவரே தூக்கிவிடலாம். இன்னொருவர் மூக்கைப் பிடித்துத் திருப்பினால் போதும்.

சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. முன் அறையின் கூரைக் கதவு டிங்கிக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. அந்தமான் புழுக்கத்தில் காற்று வராது. அதைவிட முக்கியம், தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியும் அதுவே. நங்கூரச் சங்கிலிக்குப் போகும் பாதையும் குறுகும். காற்றடைத்த டிங்கியானால் நண்பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து குழாய்கள் விறைக்கும்; கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். விலை குறைந்த பிவிசி டிங்கிகளின் ஒட்டுகள் வெப்பமண்டல வெயிலில் சீக்கிரம் விட்டுக்கொடுக்கின்றன. ஹைபலான் துணி இன்னும் பல ஆண்டு தாங்கும், விலையும் அப்படி. முழுக்கக் காற்றிறக்கிச் சுருட்டி உள்ளே வைப்பது நீண்ட ஓட்டத்துக்கு மிகப் பாதுகாப்பானது. ஆனால் போய்ச் சேர்ந்த களைப்பில், ஆடும் தளத்தில் நின்று பம்ப் அடிக்க யாருக்கும் மனசு வராது.

நீளம் இடிக்கிறதென்றால் ஜோஷுவா ஸ்லோக்கம் செய்ததைச் செய்யலாம். 1895இல் உலகைத் தனியே சுற்றக் கிளம்பியவர், 37 அடிக்குச் சற்றே குறைந்த தன் ‘ஸ்ப்ரே’யில் முழு டோரிப் படகுக்கு இடமில்லை என்று, ஒன்றைக் குறுக்கே அறுத்து, வெட்டுவாயைப் பலகையால் அடைத்து, பாதியை ஏற்றிக்கொண்டார். அதிலேயே துணி துவைத்தார், குளித்தார். இன்று இரண்டு துண்டாகக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் டிங்கிகள் கிடைக்கின்றன.

டிங்கியை எங்கே வைத்தாலும் கட்டும் முடிச்சு சீக்கிரம் அவிழ வேண்டும் அல்லது கத்திக்கு எட்ட வேண்டும். 1972 ஜூனில் பசிபிக்கில் கொலைத் திமிங்கிலங்கள் மோதி ‘லூசெட்’ என்ற பாய்மரப் படகு சில நிமிடங்களில் மூழ்கியபோது, ராபர்ட்சன் குடும்பத்தார் உயிர்காப்புத் தெப்பத்தோடு டிங்கியையும் கட்டறுத்துவிட்டார்கள். பதினேழாம் நாள் தெப்பம் உதவாமல் போனது. அதன்பின் படகிலிருந்த ஆறு பேரும் அந்தச் சிறு டிங்கியில் இருந்து, 38ஆம் நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலால் மீட்கப்பட்டார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், நீல் என்று தீவு தீவாகப் போகும்போது முறை மாறும். இரவில் டிங்கியை நீரில் விடாமல், அதே பாய்க்கயிற்றால் தாய்ப்படகின் பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிடுவார்கள். அடியில் சிப்பி பிடிக்காது, கயிறு அறுந்து போகாது, திருடவும் கஷ்டம். உவர்நீர் முதலைகள் உள்ள கடல் இது. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. இருட்டில் டிங்கியைப் பிடிக்க நீரில் குதிக்கும் தேவை வராமல் இருப்பது நல்லது.

வாங்கும் முன் ஒரு வேலை: டிங்கியின் நீள அகலத்தில் அட்டை வெட்டி முன்தளத்தில் போட்டுப் பாருங்கள். கூரைக் கதவு எவ்வளவு திறக்கிறது, நங்கூரச் சங்கிலிப் பெட்டிக்குக் கை போகிறதா, வின்ச் கைப்பிடி முழு வட்டம் சுற்றுகிறதா என்று சரிபாருங்கள். 2.7 மீட்டர் டிங்கி இடிக்கும் படகில் 2.3 மீட்டர் உட்கார்ந்துவிடும். பயணிகளில் ஒருவர் குறைவார், கரைக்கு இரண்டு நடை போக வேண்டியிருக்கும்.