கொங்காவும் தப்பும் ஒரே மேடையில்

அன்புத் தம்பி,

எல்லவில் ஒரு ஹோட்டல்காரர் உங்களிடம் ‘லத்தீன் நைட்’ செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார், பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து அந்த ஹயரை எடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். தாராளமாக எடுக்கலாம். ஆனால் தப்படிக்கும் அண்ணனை இதற்குக் கூட்டிப் போக வேண்டாம், அது ‘டீசன்டாக’ இருக்காது என்று மற்றவர்கள் சொல்வதாகக் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கடன்பட்டு வாங்கிய அந்தக் கொங்கா எங்கிருந்து வந்தது என்று யோசித்தாயா? கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் மேள மரபில் வந்தது அது. பொங்கோவும் அதே மக்களின் கையில் வளர்ந்ததுதான். அங்கே அடிமை முறை ஒழிந்ததே 1886இல். அந்த நேரம் நம்முடைய ஊவா மலைகளில் காப்பி நோயில் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டது தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு, திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, சாவு வீட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி வைத்திருப்பதும் தப்புதான். ஆக உன் மேடையில் நிற்கப்போகும் இரண்டு மேளமும் தோட்டத்து மேளம். ஒன்றை ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து லைட் போட்டு, மற்றதைச் சாக்குக்குள் மறைத்துவைக்க எந்த நியாயமும் இல்லை.

லத்தீன் இசை நமக்குப் புதியதும் இல்லை. 1960களில் இந்த நாட்டில் லொஸ் கபலெரோஸ், லா சிலோனியன்ஸ் என்று ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்ட குழுக்கள் கித்தார், மராக்காஸ், பொங்கோவோடு சிங்களப் பாட்டுப் பாடின. இன்றைக்கும் கல்யாண ஹோலில் பெரிய பேண்ட் ஏறுவதற்கு முன் மேசை மேசையாகப் போய்ப் பாடும் கலிப்சோக் குழு அந்த வழியில் வந்ததுதான். மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது நம்முடைய அப்புத்தளையில். இன்னும் பின்னால் போனால் போர்த்துக்கேயர் காலத்துக் கப்ரிஞ்ஞா இருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் அந்த ஆட்டம் ஆடப்பட்டு வந்திருக்கிறது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதிதானே உங்கள் வீட்டு வாசல் வீதி! கப்ரிஞ்ஞாவின் தாளத்தை எடுத்துப் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன்ஸ் சிங்களத்தில் பைலா ஆக்கினார். தமிழில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பொப் பாட்டாகப் பாடி ஊரெல்லாம் ஆடவைத்தார்கள். பயிற்சிக்கு ஒருநாள் லீவு கிடைத்தால் யூடியூபை மூடிவிட்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறு.

இனி வாசிப்புக்கு வருகிறேன். பைலா ஆறில் நடக்கிறது. கால் ஒன்றிலும் நாலிலும் விழும். அதே ஆறை இரண்டிரண்டாக வெட்டி, ஒன்று, மூன்று, ஐந்தில் கித்தாரை விழவைத்தால் ஆடுகிறவரின் இடுப்பு தானாகத் திரும்பும். தப்பின் பல அடிகள் மும்மூன்றாக நடப்பதால் அண்ணனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஒருமுறை கேட்டால் உள்ளே வந்துவிடுவார். ஆனால் கியூபப் பாட்டுகள் பெரும்பாலும் நாலில் நடப்பவை. அங்கே கொங்கா, பொங்கோ, மராக்காஸ் போதும்; தப்பைத் திணிக்காதே, இரண்டும் கெடும். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மைக் இல்லாமல் மேசைப் பக்கம் போய்ப் பாடுங்கள். பிறகு மேடையில் நாலில் ஓடும் பாட்டுகள். பைலா செஷனைத் தப்பு தனியாகத் தொடங்கட்டும். கித்தாரும் பேஸும் பிறகு வந்து சேரட்டும்.

‘குவாந்தனமேரா’ கேட்காத பார்ட்டி கிடையாது. அதன் வரிகள் ஹொசே மார்த்தி 1891இல் வெளியிட்ட கவிதைகளிலிருந்து எடுத்தவை. ஸ்பெயினுக்கு எதிரான போரில் 1895இல் உயிர்விட்ட மனிதர் அவர். ஏழைகளின் பக்கம் நிற்பதைப் பற்றிய வரிகள் அதில் இருக்கின்றன. பொருள் தெரிந்து, உச்சரிப்பைச் சரிபார்த்துப் பாடு. லயத்தில் பிறந்த பிள்ளை வாயில் அது வெறும் ஓசையாக வரக்கூடாது.

ஒரு கல்யாண ஹோலில் நானே கண்டது இது. வாசலில் மாப்பிள்ளையை அழைத்துவந்த தப்புக் கலைஞர்கள் இருவருக்குக் குசினிக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் பக்கத்தில் சோறு கொடுத்தார்கள். பேண்டுக்காரர் உள்ளே மேசையில் சாப்பிட்டார்கள். பேண்டுக்கு உறையில் பணம். தப்புக்காரருக்கு ஒரு போத்தலும் கையில் கசங்கிய சில தாள்களும். அவர்களில் இளையவன் தப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். சாதியின் பெயரால் இப்படி நடத்தியதால்தான் எத்தனையோ பிள்ளைகள் தப்பைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உன் குழுவில் மட்டும் அது நடக்கவிடாதே. கித்தாருக்கு என்ன பங்கோ அதே பங்கு தப்புக்கு. அதே சட்டை, அதே மேசை, போஸ்டரில் அதே அளவு எழுத்தில் பெயர். சாராயம் ஒருநாளும் சம்பளத்தில் கணக்கு இல்லை.

பணத்தைக் கூச்சப்படாமல் முதலிலேயே பேசு. தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை நம் சனம் எவ்வளவு காலம் போராடியது என்று உனக்குத் தெரியும். பாதி முற்பணம் வாங்கு. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, வேன் செலவு யாருடையது, சவுண்ட் யார் போடுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, மழைக்கு நின்றுபோனால் முற்பணம் என்ன ஆகும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுப்பது அழைக்கிறவர் பொறுப்பு என்று அதிலேயே போடு. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு 2007இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஆகையால் பைலா செஷனை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடு. போயா தினம் வருகிறதா என்று கலண்டரையும் பார்.

இன்னொன்றும் தாளில் இருக்கட்டும்: தப்புக் காய்ச்ச நெருப்பு மூட்ட ஓர் இடம். பண்டாரவளை, எல்லப் பக்கம் மாலையானதும் பனிமூட்டம் இறங்கும். தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்து, சத்தம் செத்துவிடும். புல்தரையில் திடீரென்று வைக்கோலைக் கொளுத்தினால் ஹோட்டல்காரர் பதறிப்போவார். பின்முற்றத்தில் ஒரு தகர அடுப்புக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்கு. தப்பைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பிடித்து, நடுவில் விரலால் தட்டிப் பார்த்து, ‘கண்’ என்று ஒலிக்கும்போது அண்ணன் எடுத்துவிடுவார். அது சூடு ஆறுவதற்குள் பைலா தொடங்க வேண்டும். இதை மேடையில் அறிவிப்புச் செய்கிறவனுக்குச் சொல்லிவை, அவன் நீட்டிப் பேசினால் எல்லாம் வீண். கொங்காவின் தோலும் அந்தக் குளிரில் இறங்கத்தான் செய்யும். பாட்டுக்கு இடையில் முறுக்கிக்கொள்ள ஸ்பேனரைப் பையில் வைத்துக்கொள். கச்சேரி முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடு.

டிசம்பர் 31க்கு மூன்று இடத்தில் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். ஒன்றை மட்டும் எடு. அந்த மாதம் நம் பக்கம் அடைமழைக் காலம். பசறை, லுணுகலை வீதியில் எந்த நேரமும் மண் சரியலாம். இரவு பன்னிரண்டுக்குப் பிறகு அடுத்த இடத்துக்கு வேனை விரட்ட வேண்டாம். கேட்ட மற்ற இரண்டு பேருக்கும் இந்த வாரமே பதில் சொல்லிவிடு, அவர்கள் வேறு குழு பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து அண்ணன்